குன்னத்து வெங்காயப் பட்டறையும் கொழும்பு மேஸ்திரியும்

கொழும்பில் துறைமுகத்துப் பக்கம் மூன்று மாடிக் கிடங்கு ஒன்று நிற்கிறது. அது நான் கட்டியது. அதை ஒட்டி நிற்கிற அரிசி மண்டியும் நான் கட்டியதுதான். கண்டிக்குப் போகிற வழியில், மழைக்கு மழை சரிந்து விழுந்துகொண்டிருந்த மலையைத் தாங்கிப் பிடித்திருக்கிற கற்சுவர் என் கையால் ஆனது. 'இது நிற்காது' என்று ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் சீமைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார், சுவர் நிற்கிறது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. மணல் கூடை சுமந்தேன், சாந்து குழைத்தேன், கொத்தனாரானேன், மேஸ்திரியானேன், பிறகு மேஸ்திரிகளுக்கே சம்பளம் கொடுக்கிறவன் ஆனேன். எந்தப் பெரிய மனிதரும் கைதூக்கி விடவில்லை. இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. பின்னால் வருகிற வெங்காய விஷயத்தில் யார் பேச்சை நம்புவது என்று படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு ஒரே மகள், ரோசம்மாள். அவள் புருஷன் அருளப்பன் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நல்ல உத்தியோகம், நிழலில் சம்பளம். அதோடு விட்டாரா? குன்னத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் கரிசல் காடும் ஒரு கிணறும் வாங்கிப் போட்டார். பள்ளிக்கூட நாளெல்லாம் பூவும் பூஜாடியும் வரையச் சொல்லிக் கொடுப்பார். சனி, ஞாயிறு வந்தால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். ஏன் என்று கேட்டால், "மனசுக்கு மாமா" என்பார். மனசுக்கு என்றால் வாசலில் நாலு ரோஜாச் செடி போதாதா? என் மகளும் பேத்தியும் அந்தக் காட்டு வீட்டிலேயே குடியிருந்தார்கள்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், மார்கழி மாதம், கிறிஸ்துமஸ் பண்டிகையை அவர்களோடு கொண்டாடிவிட்டு மூன்று பேரையும் கையோடு கொழும்புக்கு அழைத்துப் போய்விடுவது என்று புறப்பட்டேன். என் தொழிலை எனக்குப் பிறகு பார்க்க ஆள் வேண்டும். டிராயிங் தெரிந்த மருமகன் பிளான் போட உதவுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். கப்பல், ரயில் விவரங்களால் யாருக்கும் பிரயோஜனமில்லை. அரியலூர் ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து சொல்கிறேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே காப்பி கேட்டேன். சர்க்கரை ரேஷன் என்று வெல்லம் போட்டுக் கொடுத்தான். குடித்தேன் என்று சொல்ல முடியாது, விழுங்கினேன். கொழும்பில் சண்டைக் காலத்தில்கூட எனக்கு யாரும் வெல்லக் காப்பி கொடுத்ததில்லை.

பெரம்பலூர் போகிற பஸ் கரி பஸ். பின்னால் ஒரு இரும்பு உருளையைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். கண்டக்டர் உருளைக்குப் பக்கத்தில் நின்று துருத்திச் சக்கரத்தைச் சுற்றினார். சுற்றினார், சுற்றினார், என் கோட்டெல்லாம் கரியாகிற வரைக்கும் சுற்றினார். பிறகுதான் வண்டிக்கு இருமல் வந்தது.

எனக்குப் பக்கத்தில் லப்பைக்குடிகாட்டுப் பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பினாங்கில் கடை வைத்திருந்தவராம். நான் கொழும்புக் கிடங்கைப் பற்றிச் சொன்னேன். அவர் பினாங்கு பஜாரைப் பற்றிச் சொன்னார். நான் மலைச் சுவரைப் பற்றிச் சொன்னேன்.

"மாஷா அல்லா! மலையையே தாங்குதா?" என்றார்.

"தாங்குதா இல்ல, தாங்கிக்கிட்டு நிக்குது."

"அப்ப இந்த மேட்டுக்கு உங்களை வுட்டா ஆள் கெடையாது, இறங்குங்க."

பஸ் மேட்டில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள். "பெரியவரே, கோட்டைக் கழட்டிட்டு ஒரு கை போடுங்க" என்றார் கண்டக்டர். கோட்டைக் கழற்றாமலே தள்ளினேன். நான் தள்ளியதால்தான் வண்டி ஏறியது. பாய் சும்மா கையை வைத்துக்கொண்டு "ஹய்யா" என்று சத்தம் மட்டும் போட்டார். மேட்டின் உச்சியில் பஸ் எங்களை விட்டுவிட்டு ஓடியது, நாங்கள் அதன் பின்னால் ஓடினோம். கொழும்பில் டிராம் வண்டி பிரயாணிக்காக நிற்கும். இங்கே பிரயாணி வண்டிக்காக ஓட வேண்டும்.

ரோட்டிலிருந்து காட்டு வீட்டுக்கு நடை. கரிசல் மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ரோசம்மாள் கை நிறைய வெங்காயத் தாளோடு ஓடி வந்தாள். கட்டிப் பிடித்துக்கொண்டாள். வெங்காய வாசனையில் என் கண்ணில் தண்ணீர் வந்தது.

அன்று சாயங்காலம் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் வைத்தாள். அரிசி பண்டிகைக்கு எடுத்து வைத்திருக்கிறதாம். நான் நேரே விஷயத்துக்கு வந்தேன். "பண்டிகை முடிஞ்சதும் கெளம்பணும். கொழும்புல வூடு தயாரா இருக்கு."

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "மாமா, போன ரெண்டு வெள்ளாமையும் கெட்டுப் போச்சு, உண்மைதான். மொதல் தடவை கெணறு வத்திருச்சு. ரெண்டாவது தடவை..."

"அதை நான் சொல்றேன்" என்று வாசலிலிருந்து ஒரு குரல். பக்கத்துக் காட்டுச் சின்னசாமி. கேட்காமலே வந்து உட்கார்ந்தான். "பட்டாளத்துத் தார்ப்பாயை ஏலத்துல எடுத்தாந்து வெங்காயத்தைப் போட்டு மூடிட்டாரு வாத்தியாரு. உள்ள ஆவி கட்டிக்கிச்சு. இந்தத் தாலுக்காவுலயே அவிச்ச வெங்காயம் வித்த ஒரே ஆளு இவருதான்."

மாப்பிள்ளைக்குக் கோபமே வரவில்லை. "இந்தத் தடவை பட்டறை போடறேன் மாமா. பிளான் போட்டாச்சு. வெங்காயம் பட்டறை ஏறிட்டா நாங்க இங்கயே இருந்துக்கறோம். இதுவும் அழுகிச்சுன்னா, நாலாவது தடவை கேக்க மாட்டேன். மூட்டையைக் கட்டிட்டு உங்க கூட வந்துடறோம்."

"நெஜமாவா?" என்று மகளைக் கேட்டேன்.

"ஆமாம்பா, பேசிட்டோம்" என்றாள். சொல்லிவிட்டுக் கூழ்ச் சட்டியைக் கழுவப் போனாள்.

எனக்குத் திருப்தி. இவர் போடுகிற பட்டறை எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலை பனியில் எழுந்தால் வீட்டில் ஒருவரும் இல்லை. மகள் மாட்டில் பால் கறந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை கிணற்றில் மாடு கட்டி மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மாடுகள் அவர் சொன்ன பக்கம் போகவில்லை, அவர்தான் மாடுகள் போன பக்கம் போனார். கூலிப் பெண்கள் வெங்காயம் பிடுங்கித் தாளோடு காட்டிலேயே பரப்பினார்கள். சின்ன வெங்காயம் தாள் வாடும்வரை வெயிலில் கிடக்க வேண்டும், பிறகுதான் பட்டறை ஏற்ற வேண்டும். பட்டறை என்றால் பெரிய விஷயமில்லை. கல் பரப்பி அதன்மேல் கட்டை போட்டு, இரண்டு பக்கமும் கம்பு நட்டுச் சோளத்தட்டை கட்டி, நடுவில் வெங்காயத்தைக் கொட்டி, மேலே கூரை வேய்வது. அடியிலும் பக்கத்திலும் காற்று நுழைய வேண்டும், மேலே தண்ணீர் நுழையக்கூடாது. மாதக்கணக்கில் கெடாது என்றார்கள்.

மாப்பிள்ளை பிளானைக் காட்டினார். அழகென்றால் அப்படி ஒரு அழகு. காற்று வருகிற திசைக்கு நீலத்தில் அம்பு, வெங்காயத்துக்கு ஊதா வர்ணம், கூரை மேல் ஒரு மைனாக்கூட உட்கார்ந்திருந்தது.

"மைனா எதுக்கு மாப்பிள்ளை?"

"ஒரு அளவுக்காக மாமா. பட்டறை எவ்வளவு பெருசுன்னு தெரியணுமில்ல."

நான் வாயை மூடிக்கொண்டேன். அது என் வழக்கமில்லை.

பேத்தி லூர்து வீட்டுக்குள் கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருந்தாள். களிமண்ணில் மாடு, பருத்தியில் ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டி மாட்டைவிடப் பெரிசாக இருந்தது. நான் அதைச் சொன்னேன். "அது தூரத்துல இருக்கற மாடு தாத்தா" என்றாள். தகப்பன் பிள்ளை.

பண்டிகை விருந்துக்கு அக்கம்பக்கத்தார் எல்லாரையும் அழைத்திருந்தார்கள். வாசல் மொட்டையாகக் கிடந்தது. கொழும்பு மேஸ்திரி வந்திருக்கிற வீட்டில் விருந்தாளி வெயிலில் உட்காரலாமா? பெரம்பலூருக்குப் போய்ச் சவுக்குக் கம்பும் கயிறும் வாங்கினேன். திரும்பி வர பஸ் இல்லை, மூங்கில் ஏற்றி வந்த மாட்டு வண்டியில் முதுகு முறிய வந்தேன். தென்னங்கீற்றுக்குத் திருமானூர்ப் பக்கம் ஆள் அனுப்பினேன். கீற்று ஒரு வண்டி, அதோடு அதிரசத்துக்கு வெல்லமும் வந்தது. பந்தலை நானே நின்று போட்டேன். குன்னம் பக்கத்தில் அப்படி ஒரு பந்தலை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். நடுவில் தூண் கிடையாது. "கல்யாண வூடு மாதிரி இருக்குய்யா" என்று சின்னசாமியே வாயைத் திறந்து பார்த்தான்.

"மாமா, ரெண்டு கம்பு பட்டறைக்குக் கெடைக்குமா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"உங்க பிளான்ல என்ன கம்பு போட்டிருக்கோ அதை வாங்கிக்குங்க" என்றேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் கூலி ஆட்கள் தங்கள் தங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை தனியாகப் பட்டறைக்குக் கல் பரப்பினார். மட்டம் பார்க்கிறேன் என்று ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக் குனிந்து குனிந்து பார்த்தார். கம்பு நட்டார். ஒன்று கிழக்கே சாய்ந்தது, ஒன்று மேற்கே சாய்ந்தது. நான் அதிரசத்தைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பல் கூசியது, அதிரசத்தால் இல்லை.

பண்டிகை விடிந்தது. அந்த ஊருக்குத் தனியாகச் சாமியார் கிடையாது. பல கிராமங்களுக்கு ஒரே சாமியார், எங்கள் முறை ஞாயிற்றுக்கிழமைதான். அதனால் உபதேசியார் கோயிலில் செபம் சொன்னார். திரும்பி வந்து ஆட்டுக்கறி அடுப்பேறியது. ரோசம்மாள் நான் கொண்டுவந்த கொழும்புப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டாள். நிறம் அவளுக்கு எடுப்பாக இருந்தது. விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். அப்போதுதான் கிழக்கே கறுத்தது.

மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். "வராது. காத்து வடக்கேருந்து அடிக்குது."

"வாத்தியாரே, மேகத்துக்கும் படம் போட்டுக் குடுத்திருக்கீங்களா, இந்தப் பக்கம் போன்னு?" என்றான் சின்னசாமி. சிரித்துக்கொண்டே சொன்னாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான்.

வெங்காயம் பாதி பரப்பிக் கிடந்தது, பாதி குவியலாகக் கிடந்தது. பட்டறைக் கம்புகள் காற்றுக்கு ஆடின. மாப்பிள்ளை ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று விழுந்தது.

உள்ளதைச் சொல்கிறேன். அந்த மழை எனக்காகத்தான் வந்துகொண்டிருந்தது. நான் என் பந்தலுக்கடியில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். சாயங்காலத்துக்குள் வெங்காயம் ஊறியிருக்கும். வருஷப் பிறப்புக்குள் மூன்று பேரும் கப்பலேறியிருப்பார்கள். நான் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம்.

ரோசம்மாள் வீட்டுக்குள் ஓடினாள். பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் அந்தப் பட்டுச் சேலை. நேரே குவியலுக்குப் போய் அதை வெங்காயத்தின் மேல் விரித்தாள். நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தாள். பட்டுச் சேலையால் மழையைத் தடுக்கப் போகிறாளாம்!

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போனேன். "உனக்குப் புத்தி இருக்கா ரோசு? அது என்ன கித்தானா?"

அவள் நிமிரவில்லை. "நீங்க உள்ள போங்கப்பா, நனைஞ்சிருவீங்க" என்றாள்.

என்னை உள்ளே போகச் சொன்னாள். மலையைத் தாங்கியவனை, நனைந்துவிடுவேன் என்று உள்ளே போகச் சொன்னாள்.

நான் திரும்பினேன். "பந்தலைப் பிரிங்க!" என்று கத்தினேன்.

உபதேசியார் வெற்றிலையை எடுத்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. "பந்தலையா? சோறு வடிச்சாச்சு. பந்தி எங்க போடறது?"

"மாட்டுக் கொட்டாயில போடுங்க."

"கிறிஸ்துமஸ் சாப்பாட்டை மாட்டுக் கொட்டாயிலயா?" என்றாள் ஒரு அம்மாள்.

உபதேசியார் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார். "ஆண்டவரே அங்கதான பொறந்தாரு. நமக்கென்ன தாயி தனி கௌரவம்? வாங்க, கீத்தை உருவுங்க."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் வாய்ச் சொல்படி நடந்தது. மாப்பிள்ளை நட்ட கம்புகளைப் பிடுங்கி எறிந்தேன். பந்தலின் சவுக்குக் கம்புகளை இரண்டு வரிசையாக, ஒரு கை நீளம் இடைவெளி விட்டு நட்டேன். சாரம் கட்டுகிற முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டினேன். அந்த முடிச்சு இழுக்க இழுக்க இறுகும், ஒருநாளும் நழுவாது. கல் வரிசையை மட்டும் மாற்றவில்லை, அது மட்டமாகத்தான் இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். சின்னசாமி சோளத்தட்டையைக் கட்டினான். பண்டிகைச் சேலை கட்டி வந்த பெண்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்தேன். கட்டட வேலையில் சாந்துச் சட்டி கைமாறுகிற மாதிரி வெங்காயக் கூடை கைமாறி வந்தது.

"கூடையைத் தலைக்கு மேல தூக்காதீங்க, இடுப்போட வாங்கி இடுப்போட குடுங்க!"

"இடுப்பே இல்லய்யா எனக்கு, எங்கேருந்து குடுக்கறது?" என்றாள் அந்த வரிசையில் இருந்த ஒரு பெருத்த அம்மாள். அந்த நேரத்திலும் சிரிப்புக்குக் குறைவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மாப்பிள்ளை பிளானை எடுத்துக்கொண்டு வந்தார். "மாமா, கூரை இன்னும் கொஞ்சம் சரிவா..."

"ஏணியைப் புடிங்க மாப்பிள்ளை!"

ஏணியைப் பிடித்தார். கீற்றை ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி வேய்ந்தேன். எனக்கு வயசு என்ன என்று யாருக்கும் நினைப்பில்லை, எனக்கும் இல்லை. கடைசிக் கீற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போது முதல் துளி என் பிடரியில் விழுந்தது. இறங்குவதற்குள் முழுசாக நனைந்துவிட்டேன்.

மாட்டுக் கொட்டகையில் சாணி வாசனையோடு கறிக்குழம்பு சாப்பிட்டோம். என் இலைக்கு நேரே ஒரு பசு நின்று, நான் வாய்க்குக் கொண்டுபோகிற ஒவ்வொரு கவளத்தையும் பார்த்தது. கொழும்பிலிருந்து நான் கொண்டுவந்த கேக்கைக் கீற்று உருவுகிற அவசரத்தில் யாரோ மிதித்துவிட்டார்கள். மிதித்ததையும் சாப்பிட்டார்கள். ரோசம்மாள் ஈரப் புடவையோடு பரிமாறினாள். என் இலைக்கு வந்தபோது ஒரு கறித்துண்டை அதிகமாக வைத்தாள்.

மறுநாளும் மழை விடவில்லை. காட்டில் நடக்க முடியவில்லை. பட்டறைக்கு அடியில் கற்களுக்கு நடுவே தண்ணீர் ஓடியது, மேலே ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. அடுத்த நாள் வெயில் வந்தவுடன் எல்லோரும் போனோம். ரோசம்மாள் தட்டையை விலக்கித் தோள்வரை கையை உள்ளே விட்டாள். ஒரு கை வெங்காயத்தை எடுத்து உதறினாள். காய்ந்த தோல் சலசலத்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கொழும்பு வீட்டில் பார்த்ததுதான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் கேட்டேன். "அப்ப, கொழும்பு?"

"அதான் பட்டறை ஏறிடுச்சேப்பா" என்றாள். அந்த வெங்காயத்தை என் கோட்டுப் பையில் போட்டாள். "போயிட்டு அடுத்த பண்டிகைக்கு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்தார். பூசையில் பிரசங்கம் வைத்தார். நம் ஊர் வெங்காயத்தை மாதா காப்பாற்றினார், சித்திரக் கலை படித்த ஒரு நல்ல ஆசிரியரின் அறிவை அதற்குக் கருவியாகக் கொண்டார் என்றார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தாரே தவிர, எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூசை முடிந்ததும் ஊரே காட்டுக்கு வந்து பட்டறையைப் பார்த்தது. மாப்பிள்ளை வருகிறவர்களுக்கெல்லாம் பிளானைக் காட்டினார். "மைனா எங்க வாத்தியாரே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலமே அதற்கு 'வாத்தியார் பட்டறை' என்று பேர் விழுந்துவிட்டது.

"எங்க தாத்தாவும் கயிறு கட்டுனாரு" என்றாள் லூர்து, பாவம், என் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

கயிறு கட்டினேனாம்! நான் கட்டாவிட்டால் அங்கே கயிறு ஏது, கம்பு ஏது, கீற்று ஏது? சாமியாரிடமே நேரே போய்க் கேட்டேன். "எல்லாப் புகழும் இறைவனுக்கு" என்றார். இறைவனுக்குக் கொடுக்கட்டும், எனக்குப் பொறாமை இல்லை. மிச்சத்தை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. கல் மட்டம் மாப்பிள்ளையுடையது, ஒத்துக்கொள்கிறேன். தட்டை கட்டியது சின்னசாமி. மற்றதெல்லாம் நான்.

நான் தனியாகத்தான் கொழும்புக்குத் திரும்பினேன். என் தொழிலைப் பார்க்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஆகையால் இதை அச்சில் போடச் சொல்லி எழுதுகிறேன். குன்னத்துப் பக்கம் போகிறவர்கள் அந்தப் பட்டறையைப் பார்த்தால் வாத்தியார் பட்டறை என்று சொல்லக்கூடாது, கொழும்பு மேஸ்திரி பட்டறை என்று சொல்ல வேண்டும். என் மகளை அந்தக் கரிசல் காட்டில் நிலைக்க வைத்தது மழையும் இல்லை, மாதாவும் இல்லை, படமும் இல்லை. அவளைக் கூட்டிப் போக வந்த நான்தான் அவளை அங்கே இருக்க வைத்தேன். அதை என் பேரில் எழுதுங்கள்.